நாலு புள்ளி ஒன்று

ஜோதிலட்சுமி பேச ஆரம்பித்தால் மாதர்பாக்கம் ரோட்டில் போகிற பஸ் டிரைவருக்குக் கேட்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர் நெல்வயல். அதைத் தாண்டி ஒரு குரல் போகுமா என்று யாரும் அளந்து பார்த்ததில்லை, அவள் புருஷன் வசந்தகுமாரைத் தவிர. நைட் ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வரப்பில் நடந்து, மோட்டார் கொட்டாய் பக்கம் வந்ததும் அவள் குரல் காதில் விழும். என்ன சொல்கிறாள் என்று அங்கிருந்து பிடிபடாது. மாட்டைத் திட்டுகிறாளா, பால் சொசைட்டிக்காரரைத் திட்டுகிறாளா, தண்ணீர் வராத குழாயைத் திட்டுகிறாளா என்பது இன்னும் நூறு அடி நடந்தால்தான் தெரியும். அந்த நூறு அடியை அவன் ஒருநாளும் அவசரமாக நடந்ததில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் அவனுக்குப் பதினெட்டு வருஷ வேலை. உலையில் இரும்புக் கட்டைகளைத் தள்ளிச் சிவக்கவைத்து உருளைகளுக்கு அனுப்புகிற இடம். அந்தக் கொட்டகைக்குள் எட்டு மணி நேரமும் மனுஷக் குரல் எடுபடாது. எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, இரண்டு விரலை ஆட்டினால் அடுத்ததை அனுப்பு. வெளியே வந்தாலும் காதுக்குள் மில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜோதியின் பேச்சைக் கேட்டால்தான் அது அடங்கும். இதை அவன் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கால் மணி நேரம் பேசுவாள்.

அந்தக் குரல்தான் போன வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

முதலில் தொண்டை கட்டியிருக்கிறது என்று மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தாள். குரல் கரகரத்துத் தடித்தது. பிறகு பேச்சே குறைந்தது. கேட்டதற்குப் பதில் வரும், ஆனால் கேள்வி போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வருவதற்குள் ஒரு பஸ் போய்விடும். முகம் உப்பியது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் ஊரே விசிறிக்கொண்டு கிடக்க, இவள் மகளுடைய பழைய ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அம்மாவைப் பார்த்து அழுதுவிட்டாள். கருவாட்டுக் குழம்புக்கு ஊரில் பெயர் வாங்கிய கை, ஒருநாள் புளி கரைக்காமலே குழம்பை இறக்கி வைத்தது. வசந்தகுமார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். பழைய ஜோதியாக இருந்தால், புளி போடாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாத ஆம்பளை இன்னா ஆம்பளை என்று அதற்கே சண்டை போட்டிருப்பாள். இந்த ஜோதி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆடி மாதம் ஊத்துக்கோட்டை டாக்டரிடம் காட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.எச். என்று போட்டு முப்பத்தெட்டு என்றிருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய அளவு நாலரைக்குள் என்று அச்சடித்திருந்தது. தைராய்டு ஏறிப் போய்விட்டது என்று வசந்தகுமார் பயந்தான். டாக்டர் சிரித்து, தைராய்டு ஏறவில்லை, குறைந்துதான் இருக்கிறது, குறைந்திருப்பதால்தான் இந்த நம்பர் ஏறியிருக்கிறது என்றார். அவனுக்கு அது பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. உருளைப் பக்கம் சரக்கு வராவிட்டால் ஃபோர்மேன் கையை ஆட்டி ஆட்டி, கடைசியில் தகரத்தைத் தட்டிக் கூப்பாடு போடுவார். சரக்கு குறையக் குறையக் கூப்பாடு ஏறும். இந்த நம்பர் சரக்கு இல்லை, கூப்பாடு. அவள் உடம்புக்குள் யாரோ முப்பத்தெட்டு அளவுக்குக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அவளோ வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். இதை மில்லில் கூட வேலை பார்க்கும் பீட்டருக்கு விளக்கியபோது அவர், நீ டாக்டருக்குப் படித்திருக்கலாம் என்றார்.

நூறு மாத்திரை அடைத்த சின்ன பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, ஆயுசுக்கும். ஜோதிக்கு எதுவும் நினைவில் நிற்காத காலம் அது. அதனால் மாத்திரை கொடுக்கும் பொறுப்பை வசந்தகுமார் தானே எடுத்துக்கொண்டான்.

அதற்குத் தோதாக அவர்களுக்குள் ஒரு பழக்கமும் இருந்தது. கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து காலை டீ அவன்தான் போடுவான். நாள் முழுக்க எல்லோருக்கும் பரிமாறுகிறவளுக்கு யாராவது ஒரு வாய் கொண்டுவந்து கையில் கொடுப்பது அந்த ஒரு நேரம்தான். அவள் மாட்டைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதற்கு முன் ஒரு சொம்புப் பாலை எடுத்து அடுப்பு மேடையில் வைப்பாள். அவன் இஞ்சி தட்டிப் போட்டு, பாதிக்குப் பாதி பால் விட்டு, ஆற்றி எடுத்து வருவான். காலை ஷிஃப்ட் என்றால் விடியுமுன் நாலரைக்கு. மதிய ஷிஃப்ட் என்றால் ஆறு மணிக்கு. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற வாரம் ஏழு மணிக்கு, அதுவரை அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் காத்திருப்பாள். மூன்று ஷிஃப்டிலும் அந்த டீ தவறியதில்லை. இப்போது ஒரு கையில் டம்ளர், மறு கையில் மாத்திரை. அவள் மாத்திரையை வாயில் போட்டு டீயில் முழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் தன் டம்ளரைத் தொடுவான்.

மழைக்காலத்தில் எடுத்த இரண்டாவது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பத்தொன்பது. குறைந்திருக்கிறது, ஆனால் இவ்வளவு மெதுவாகவா என்று டாக்டர் மாத்திரையை ஐம்பது மைக்ரோகிராமிலிருந்து எழுபத்தைந்தாக ஏற்றினார். வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள் என்று அப்போதும் கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினார்கள். மேலும் ஒரு மாதம் போயும் அவளிடம் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

கார்த்திகைக் கடைசியில் கம்பெனியின் நாயுடுபேட்டை யூனிட்டுக்கு மூன்று மாதம் ஆள் கேட்டார்கள். வசந்தகுமாருக்குப் போக மனசில்லை. ஷிஃப்ட் இன்சார்ஜ் விடவில்லை. அங்கே தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுத்து, காரமான ஆந்திரச் சாப்பாட்டைத் தின்று, சாயங்காலம் தவறாமல் போன் போட்டான். மாத்திரை போட்டாயா என்று கேட்பான், ம் என்பாள். சாப்பிட்டாயா, ம். முதல் மாதம் இப்படித்தான் போனது. பொங்கல் முடிந்த ஒரு வாரத்தில், ம் என்பதற்குப் பிறகு ஒரு வாக்கியம் வந்தது. மாடு சினைக்கு நிற்கிறது என்றாள். அடுத்த வாரம் இரண்டு வாக்கியம். மாசி பிறந்த சமயம், டிபன் கேரியரின் மேல் டப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்று அவன் தெரியாத்தனமாகச் சொல்லப்போக, அது எங்கம்மா சீராகக் கொடுத்தது, உனக்கு எதையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியுமா என்று பிடித்துக்கொண்டவள் பன்னிரண்டு நிமிஷம் விடவில்லை. அவன் கொட்டகைக்கு வெளியே கருவேல மரத்தடியில் நின்று, ஊம் கொட்டக்கூட மறந்து, கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த மாசியில் அவள் தானே பஸ் ஏறி ஊத்துக்கோட்டை போய் ரத்தம் கொடுத்து வந்தாள். மூன்றாவது சீட்டு. நாலு புள்ளி ஒன்று.

ஊருக்குத் திரும்பிய காலை அவன் மோட்டார் கொட்டாய் பக்கம் வந்ததும் குரல் கேட்டது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. அது போதும் என்று வீட்டுக்குப் போய், முதல் வேலையாக இஞ்சி தட்டி டீ போட்டான்.

சித்திரையில் குரல் மறுபடி தடித்தது. வைகாசியில் ஸ்வெட்டர் வெளியே வந்தது. ஆனியில் எடுத்த நாலாவது சீட்டில் பதினாறு புள்ளி எட்டு என்றிருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. சரியாக வந்துகொண்டிருந்ததைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று கடிந்தார். ஆறு வாரம் ஒரு நாள் தவறாமல் போட்டுவிட்டு மறுபடி ரத்தம் எடுத்து வாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் நூறுக்கு ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஒரு நாளும் தவறியதில்லை சார் என்று வசந்தகுமார் சொன்னான். டாக்டர் அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார்.

அன்று மதிய ஷிஃப்டில் டீ பிரேக் விட்டபோது அவன் நாலு சீட்டுகளையும் பெஞ்சில் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் சீட்டுக்கொரு போல்ட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு, பத்தொன்பது, நாலு புள்ளி ஒன்று, பதினாறு புள்ளி எட்டு. தேதிகளைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பீட்டர் வந்து எட்டிப் பார்த்து, நடுவில் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்டார். அப்போது நான் நாயுடுபேட்டையில் இருந்தேன் என்றான்.

"பின்ன இன்னா வசந்து, உன் மூஞ்சிய பாக்காம இருந்தா நல்லாகாம இன்னா பண்ணும்," என்று பீட்டர் தோளில் தட்டிவிட்டு டீ வாங்கப் போனார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னது. வசந்தகுமாரும் சிரித்தான். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உலைக்கு முன்னால் நின்றபோதும் அதுதான் ஓடியது. அவன் இருக்கும்போது நோய். அவன் போனதும் குணம். அவன் வந்ததும் மறுபடி நோய். இதைவிடத் தெளிவாக ஒரு சீட்டில் என்ன எழுத முடியும்? மனசுக்குள் அவளுக்கு என்ன பாரமோ, எந்த வருஷத்து வருத்தமோ, தன்னைப் பார்த்தால் அது கிளம்புகிறதோ என்று கல்யாணமான வருஷங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தான். குடித்துவிட்டு வந்த இரண்டு தீபாவளிகள் நினைவுக்கு வந்தன. அவள் தம்பி கல்யாணத்துக்கு ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முடியாமல் போகாதது நினைவுக்கு வந்தது. தேடினால் யாருக்குத்தான் கிடைக்காது.

மறுநாளிலிருந்து ஆறு வாரம், காலண்டரில் கோடு போட்டு, ஒரு நாள் தவறாமல் மாத்திரையும் டீயும் கொடுத்தான். டாக்டர் சொன்னதற்காக இன்னும் கவனமாக, பாலைக் கொஞ்சம் கூடவே விட்டான். உடம்புக்குத் தெம்பாக இருக்கட்டுமே. அவள் இன்னும் மந்தமானாள். ஒரு காலையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். டீ மடியில் கொட்டியது. சுடவில்லை, ஆறித்தான் போயிருந்தது. அன்று அவன் மில்லுக்குப் போனதும் ஷிஃப்ட் இன்சார்ஜைப் பார்த்து, நாயுடுபேட்டைக்கு மறுபடி ஆள் கேட்டீர்களே, நான் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் சொல்வதற்கு இரண்டு நாள் ஆனது.

"நாயுடுபேட்டைக்கு ஆளு கேக்கறாங்க. பேரு குடுத்துட்டேன் ஜோதி."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பதில் வரும் வரை அவன் காத்திருந்தான், பழகிப் போயிருந்தது.

"எத்தினி நாளு மாமா?"

"இப்ப ரெண்டு மாசம். புடிச்சிருந்தா அங்கியே நிரந்தரமா இருக்கலாமாம்."

ஜோதி அவனுடைய தாய்மாமன் மகள். பாவாடை கட்டிய வயசிலிருந்து அவனை மாமா, நீ என்றே பேசிப் பழகியவள். அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். உப்பிய இமைகளுக்குள் கண் சின்னதாக இருந்தது.

"போ," என்றாள். அப்புறம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, "தினமும் இந்த மூஞ்சிய பாத்துக்கினு இருக்க உனக்கும் பேஜாராத்தானே இருக்கும்," என்றாள்.

"சேச்சே, அப்டி இல்ல ஜோதி."

நான் இல்லாவிட்டால் உனக்குக் குணமாகிறது, சீட்டிலேயே இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் இல்லை என்பாளா, ம் என்பாளா என்று பயமாக இருந்தது. எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டான். மாடு அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவள் பேசிக்கொண்டே போட்டால்தான் அது தின்னும்.

ஆறு வாரம் முடிந்த நாள் ஆவணியில் வந்தது. மதிய ஷிஃப்டுக்கு எப்படியும் கும்மிடிப்பூண்டி போக வேண்டும், அங்கேயே ரத்தம் கொடுத்துவிடலாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனான். கடைத்தெருவில் ரயில்வே கேட்டுக்குப் போகும் வழியில், மாடியில் இருந்த சின்ன லேப். சந்திரகலா என்று ஒரு அம்மாள் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூட்டம் இல்லை. ஜோதியின் கையை மேஜை மேல் நீட்டவைத்து ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, பழைய சீட்டெல்லாம் இருந்தால் காட்டுங்கள் என்றார். வசந்தகுமார் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலையும் எடுத்துக் கொடுத்தான்.

"இன்னிக்கு மாத்திர போட்டுக்கினியாம்மா?"

"போட்டாச்சு மேடம்," என்று வசந்தகுமார் முந்திக்கொண்டான். "நான்தான் கையில குடுத்தேன். ஒருநாள் தவறினது கெடையாது."

"ரத்தம் குடுக்கற அன்னிக்கு மட்டும், குடுத்தப்புறமா போடணும். பரவால்ல. வெறும் வயித்துலதானே போட்டாங்க?"

"வெறும் வயித்துலதான். டீ மட்டும்தான்."

சந்திரகலா ஊசியை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"டீ மட்டும்னா?"

"மாத்திரய டீயிலதான் முழுங்கும். எங்க ஊட்டு மாட்டுப் பாலு மேடம், தண்ணி கலக்காதது. நானே இஞ்சி தட்டிப் போட்டு ஆத்திக் குடுப்பேன்." இதைச் சொல்லும்போது, எத்தனை துக்கத்திலும், அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"எத்தினி நாளா?"

"மாத்திர ஆரம்பிச்ச நாள்லருந்து."

அந்த அம்மாள் ரப்பர் பட்டையை அவிழ்த்துவிட்டார். கோபப்படவில்லை. இப்படி ஒரு நாளைக்கு நாலு பேரைப் பார்க்கிறவர் என்பது முகத்தில் தெரிந்தது.

"அண்ணா, டீ உங்களுக்கு சாப்பாட்டுல சேத்தி இல்ல. மாத்திரைக்கு சேத்தி. பாலும் டீயும் வயித்துல கீறப்ப இந்த மாத்திர சரியா ஒடம்புல ஏறாது. எழுவத்தஞ்சு போட்டாலும் ஏறினது எவ்ளோன்னு யாருக்குத் தெரியும். பச்சத் தண்ணியில போட்டு ஒரு மணி நேரம் வாயில ஒண்ணியும் படக்கூடாது. அப்புறம் டீ குடி, கூழு குடி, யாரு வேணாங்கறா."

வசந்தகுமாருக்கு உலை வாசலில் கவனமில்லாமல் முகத்தைக் காட்டியது போல ஆகிவிட்டது. ஒரு வருஷமாகத் தன் கையால். கோடு போட்டு. பாலைக் கூட விட்டு.

சந்திரகலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கினார். மூன்றாவதில் விரல் நின்றது.

"இது எப்டி? மாசியில நாலு புள்ளி ஒண்ணுக்கு வந்துகீதே."

"அப்ப நான் ஊர்ல இல்ல மேடம். ஆந்திரால இருந்தேன். மூணு மாசம்." மற்றதையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தவன் போல, "நான் இல்லன்னா அவளுக்கு நல்லாகுது," என்றான்.

ஜோதி திரும்பிப் பார்த்தாள். அவள் அவ்வளவு வேகமாகத் திரும்பி மாதக்கணக்காகிறது.

"அந்த மூணு மாசம் நீ காலைல டீ குடிக்கலியாம்மா?" என்று சந்திரகலா அவளைக் கேட்டார்.

பதில் வரத் தாமதமானது. கீழே கடைத்தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"குடிக்கல."

"ஒருநாள் கூடவா?"

"பாலு பூரா சொசைட்டிக்கு ஊத்திடுவேன்." கரகரத்த அந்தக் குரல் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தது. "இவரு இல்லாம அந்த டம்ளர எடுக்கவே மனசு வரல மேடம். யாரு குடுத்து யாரு குடிக்கிறது. கறந்து முடிச்சதும் மாத்திரய தண்ணியில முழுங்கிட்டு வேலய பாக்கப் பூடுவேன். நாஷ்டாவே எட்டு மணிக்கு மேலதான்."

வசந்தகுமார் மேஜை மேலிருந்த மூன்றாவது சீட்டைக் கையில் எடுத்தான். ஆறு வாரமாக அந்த நம்பரை எத்தனை தடவை பார்த்திருப்பான். உலை வெளிச்சத்தில் பார்த்தான், ஆட்டோவில் பார்த்தான், பார்க்கும்போதெல்லாம் அது அவனை வீட்டை விட்டுப் போ என்று சொன்னது. தொண்ணூறு காலை அவள் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்று, இரண்டு டம்ளர்களில் எதையும் எடுக்காமல் திரும்பிப் போயிருக்கிறாள். அதைத்தான் அந்த லேப்காரன் நாலு புள்ளி ஒன்று என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பொம்பளைகள் இருக்கிற இடம் என்று மாடிப்படிப் பக்கம் போய் நின்றான்.

இன்றைக்கு ரத்தம் எடுத்துப் பிரயோஜனமில்லை, இதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், தண்ணீரில் போட்டு எட்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சந்திரகலா அனுப்பிவிட்டார். டாக்டரும் கேட்டுவிட்டு, எழுபத்தைந்தே இருக்கட்டும், ஏற்ற வேண்டாம் என்றார். நான் கேட்கும்போதெல்லாம் தலையாட்டினீர்களே என்று மட்டும் சொன்னார்.

நாயுடுபேட்டைக்குப் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை. நிரந்தரமாக வேண்டாம் என்றதை ஒத்துக்கொண்டார்கள், ஆனால் பட்டியல் போய்விட்டது, இரண்டு மாதம் போய்த்தான் ஆக வேண்டும் என்றார்கள். கிளம்புகிற காலை ஜோதி மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம். இரண்டு பேரும் அடுப்பு மேடையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். டீ இல்லாத அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பாதியில் அவள், "நீ என்ன வெறுத்துப் பூட்டியோன்னு நெனச்சேன் மாமா," என்றாள். அவன், "நானும் அதத்தான் நெனச்சேன். நீதான் என்ன வெறுத்துட்டியோன்னு," என்றான். மணி ஆனதும் எழுந்து போய்ப் பாலைப் பொங்கவைத்தான்.

அந்த இரண்டு மாதமும், ஷிஃப்ட் இல்லாத காலைகளில் ஆறரை மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆயிற்று, டீ ஆற்றிக்கொண்டிருக்கிறேன் என்பாள். அவன் கொட்டகைக்கு எதிரே இருந்த கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு கருவேல மரத்தடிக்குப் போவான். நீ குடி என்பான். நீ குடி என்பாள். இரண்டு பேரும் உறிஞ்சுவார்கள். இந்த டீ உன் கையால் போட்டது மாதிரி இல்லை என்று அவள் சொல்வாள், குரல் கரகரத்தே இருந்தது. நாலாவது வாரத்தில் ஒரு நாள் கடைக்காரர் போட்ட டீ எப்படி என்று கேட்டாள். ஆறாவது வாரத்தில் அந்தக் கடைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். அவன் கேட்டு வந்து சொன்னான். அப்படியும் அவனுக்குள் ஒரு பயம் மிச்சம் இருந்தது. இந்தத் தடவையும் தான் ஊரில் இல்லையே. ஊருக்குப் போன பிறகு மறுபடி அந்தக் குரல் போய்விட்டால்?

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் காலை அவன் ஊர் திரும்பினான். பொடிமழை தூறிக்கொண்டிருந்தது. வயலில் நாற்று நட்டு வேர் பிடித்திருந்தது, வரப்பு வழுக்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். பாதி தூரம் வந்தான். மோட்டார் கொட்டாய் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தவளைச் சத்தம் மட்டும்தான். நின்றான். மழை சட்டைக்குள் இறங்கியது. மில் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்டது. வார்த்தை புரியாத, ஏறி ஏறிப் போகிற அந்தக் குரல். வசந்தகுமார் கொட்டாய்ச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். யாரைத் திட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள அவசரப்படவில்லை. அந்த நூறு அடியைப் பழையபடி மெதுவாக நடந்தான். சொசைட்டிக்காரர் மணவாளனைத்தான் பிடித்திருந்தாள். மழையில் நனைந்த மாடு கறந்தாலும் பாலில் தண்ணீர் இருக்காது, பாலைச் சோதிக்கிற உன் கருவியில்தான் தண்ணீர் இருக்கிறது என்று விளாசிக்கொண்டிருந்தாள். மணவாளன் அவனைப் பார்த்ததும் தப்பித்தோம் என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஜோதியின் முகத்தில் உப்பல் வற்றியிருந்தது. கண் பெரிசாகியிருந்தது. அந்தக் கண் அவனை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தது.

"கொட எடுத்துக்கினு போகச் சொன்னேனா இல்லியா? மோட்டார் கொட்டாயாண்ட கம்முனு நின்னுக்கினு கீற, நான் இங்கிருந்து பாத்துக்கினுதான் கீறேன். வழுக்கி உழுந்தா யாரு பாக்கறது? தலய தொட. மாத்திர போட்டு ஒரு மணி நேரம் எப்பவோ ஆச்சு, நீ வருவன்னு அடுப்ப பத்த வெக்காம ஒக்காந்துகினு கீறேன். நேத்து சீட்டு வாங்கியாந்தேன், டிவி மேல கீது, எடுத்துப் பாரு."

அவன் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். அடுப்பைப் பற்றவைத்தான். இஞ்சியைத் தட்டினான். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று, பஸ்ஸில் ஊத்துக்கோட்டை போன கதையை ஆரம்பித்திருந்தாள். கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொன்னது, பக்கத்தில் உட்கார்ந்த பொம்பளை கோழிக்குஞ்சு வைத்திருந்தது, அது இவள் புடவையில் செய்த வேலை. நடுவில் நிறுத்தி, "சீட்ட பாக்கலியா நீ?" என்றாள்.

டிவி மேல் மடித்து வைத்த காகிதம் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவன் டம்ளரை அவள் கையில் கொடுத்தான்.

"அப்புறம் பாத்துக்கலாம்," என்றான். "அந்தக் கோழிக்குஞ்சு இன்னா பண்ணிச்சு, சொல்லு."